1,250 ஆண்டு வாழும் தாள்

மாணவர்களே, இந்த இணைப்பிதழின் ஒரு பக்கத்தைக் கத்தரித்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் சன்னலோரம் ஒரு வாரம் வையுங்கள். மூடாத பாதி மஞ்சளாகிவிடும். பல ஆண்டு கழித்து எடுத்தால், மடித்த இடத்திலேயே ஒடிந்து உதிரும். ஆனால், கி.பி. 770-ஆம் ஆண்டளவில் ஜப்பானில் மந்திரங்களை அச்சிட்டுச் சிறு மரக் கோபுரங்களுக்குள் வைத்த தாள்களில் பல, ஹோர்யூஜி கோயிலின் பாதுகாப்பில் இருந்து இன்றுவரை பிழைத்திருக்கின்றன. இரண்டிலும் இருப்பது செல்லுலோஸ்தான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

முதலில், தாள் என்பது என்ன? தாவர நார்களைத் தனித்தனியாகப் பிரித்து, நீரில் கலந்து, சல்லடையில் ஏந்தி உலர்த்துவதே தாள். (நம் பனையோலையும் எகிப்தின் பாப்பிரசும் இந்தக் கணக்கில் சேரா.) நார்களை ஒட்டவைக்கப் பசை வேண்டியதில்லை. நீர் வெளியேறும்போது நார்கள் நெருங்கி, செல்லுலோஸின் ஹைட்ராக்சில் குழுக்களுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாகின்றன. நனைந்த தாள் எளிதில் கிழிவதற்கும் அதுவே காரணம்: நீர் மூலக்கூறுகள் நடுவில் புகுந்து அந்தப் பிணைப்புகளைக் குலைத்துவிடுகின்றன.

சீன அரண்மனை அதிகாரி சாய் லுன், மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றால் தாள் செய்யும் முறையைக் கி.பி. 105-இல் பேரரசரிடம் தெரிவித்தார் என்கிறது சீன வரலாறு. அவருக்கு முந்திய தாள் துண்டுகளும் அகழாய்வில் கிடைத்துள்ளன. எனவே, அவரைக் கண்டுபிடித்தவர் என்பதைவிட மேம்படுத்தியவர் என்பதே பொருந்தும்.

ஏழாம் நூற்றாண்டிலேயே இந்தக் கலை கொரியா வழியாக ஜப்பானை அடைந்திருந்தது. அங்கே அதன் பெயர் வாஷி. மல்பெரிக் குடும்பத்தைச் சேர்ந்த கோசோ செடியின் கிளைகளைக் குளிர்காலத்தில் வெட்டி, ஆவியில் வேகவைத்துப் பட்டையை உரிப்பார்கள். கறுத்த மேல்தோலைச் சுரண்டிவிட்டு, வெண்ணிற உள்பட்டையைச் சாம்பல் கரைத்த நீரில் கொதிக்க வைப்பார்கள். சாம்பல் நீர் ஒரு காரம். அது லிக்னின் போன்ற தேவையற்ற பொருள்களைக் கரைத்து நீக்கும். செல்லுலோஸ் நார் மிஞ்சும். பிறகு குளிர்ந்த நீரில் அலசி, தூசு துரும்புகளைக் கையாலேயே பொறுக்குவார்கள். மிகவும் பொறுமை கேட்கும் வேலை இதுதான். அடுத்து, நாரை வெட்டாமல் அடித்துப் பிரிப்பார்கள். கோசோ நாரின் நீளம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். மரக்கூழ் நார் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். நீண்ட நார்கள் ஒன்றோடொன்று நன்றாகப் பின்னிக்கொள்ளும்.

வெண்டைக்காயை நறுக்கும்போது விரலில் ஒட்டும் வழவழப்பு தெரியுமல்லவா? வெண்டைக்கு நெருங்கிய உறவான தொரோரோ-ஆவோய் என்ற செடியின் வேரிலிருந்து அதே போன்ற வழவழப்பை எடுத்துத் தொட்டி நீரில் சேர்ப்பார்கள். பலர் நினைப்பதுபோல் இது பசை அன்று. நீரின் பாகுத்தன்மையைக் கூட்டி, நார்கள் அடியில் படியாமல் மிதக்கச் செய்கிறது. சல்லடையில் நீர் மெதுவாக வடிகிறது. அதற்குள் சல்லடையை முன்னும் பின்னும் அசைத்து நார்களைச் சீராகப் பரப்பிவிடலாம். வெப்பத்தில் இந்த வழவழப்பு கெட்டுவிடும். குளிர்காலமே வாஷிக்கு ஏற்ற காலம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நம் நாளிதழுக்கு வருவோம். மை ஊறிப் பரவாமலிருக்க, மரப்பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே சேர்க்கும் முறையை 1807-இல் ஜெர்மானியரான இல்லிக் வெளியிட்டார். மலிவான முறைதான், ஆனால் படிகாரம் தாளை அமிலத்தன்மை உடையதாக்குகிறது. அமிலம் செல்லுலோஸின் நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக அறுக்கும். 1840-களில் மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்கும் முறையும் வந்தது. அதில் லிக்னின் நீங்காமல் தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் பட்டால் அது ஆக்சிகரணமடைந்து மஞ்சளாகும். சன்னலோரத்தில் நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய கடிதங்களோ பத்திரங்களோ இருந்தால், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடாக்கி ஒட்ட வேண்டாம். பிறகு பிரிக்க இயலாது. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால், அதன் பசையே மஞ்சள் கறையாக மாறும். ஆவணக் காப்பகங்களில் அத்தகைய கிழிசல்களை மெல்லிய கோசோ தாளாலும் கோதுமை மாவுச்சத்துப் பசையாலும் ஒட்டுகிறார்கள். தேவைப்பட்டால் அதைச் சிறிது நீரால் நனைத்து எடுத்துவிடலாம்.