இலந்தையும் துணைப் பயிர்களும்



திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பகுதிகளின் வறண்ட மேட்டு நிலங்களுக்கு ஏற்ற பழமரம் இலந்தை. அதன் ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் மழை குறைந்த காலத்தையும் தாங்கி நிற்கும். ஆயினும் "இலந்தையில் புழு இருக்குமே" என்று நம் இல்லங்களில் பலர் அதனை விலக்கிவிடுகின்றனர். புழுவுள்ள பழத்தை உண்பது நமக்கு ஆகாது. புழுவைக் கொல்ல நஞ்சு தெளிப்பதும் ஆகாது. இவ்விரண்டும் இன்றி இலந்தையை வளர்த்துப் பயன்கொள்ளும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

நடுதல்

விதையிலிருந்து முளைத்த நாட்டுக் கன்றில் உம்ரான், பனாரசி போன்ற நல்ல இரகங்களின் மொட்டினைப் பொருத்தி வளர்த்த ஒட்டுக்கன்றே சிறந்தது. 3 அடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, மழைக்காலத்தில் நடுக. மரத்திற்கு மரம் 8 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவை நாட்டு இலந்தையின் கிளைகளாதலால் அவற்றை நீக்கிவிடுக.

துணைப் பயிர்

மரம் சிறிதாக இருக்கும் ஆண்டுகளில் இடைநிலத்தில் பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, கொத்தவரை ஆகியவற்றை விதைக்கலாம். இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தருகின்றன. காயும் பயறும் எடுத்தபின் செடியைப் பிடுங்காமல் அடியில் அறுத்துவிட்டால் வேர் மண்ணிலேயே மக்கி உரமாகும். கிழங்குப் பயிரைப் போல மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை என்பது நமக்குக் கூடுதல் நன்மை.

கவாத்து

இலந்தை அவ்வாண்டு தோன்றிய புதுக்கிளையில்தான் காய்க்கும். எனவே அறுவடைக்குப் பின், மரம் இலையுதிர்த்து ஓய்ந்திருக்கும் கோடையில் கிளைகளைக் குறைத்து வெட்டுதல் இன்றியமையாதது. வெட்டிய முட்கிளைகளைப் பயற்றுக் கொல்லைக்கு வேலியாக இடலாம். அவற்றில் எஞ்சியிருக்கும் தழையை ஆடுகள் விரும்பி உண்ணும்.

புழு வராமல் காத்தல்

பழ ஈ பிஞ்சின் தோலுக்குள் முட்டையிடுகிறது. அதனால் வெளியே துளையில்லாத பழத்தினுள்ளும் புழு இருக்கக்கூடும். பூக்கும்போது தேனீக்கள் வந்து செல்ல வேண்டும். ஆகவே அப்போது மரத்தை மூடலாகாது. பிஞ்சு பிடித்தவுடன் கிளைகளுக்கு மெல்லிய துணிப்பை கட்டுக. கவாத்தினால் தாழ்ந்து நிற்கும் மரத்தில் இது எளிது. ஈயும் சாகாது, பழமும் கெடாது. வராமல் தடுப்பதே கொல்லாமையின் வழி.

பயன்படுத்துதல்

இலந்தையில் வைட்டமின் 'சி' மிகுதி. எவ்வளவு காத்த பழமாயினும் பிளந்து பார்த்தே உண்ணுதல் வேண்டும். இலந்தை வடைக்கும் பழத்தை அப்படியே உரலில் இடாமல், ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்து, கொட்டை நீக்கி, உப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், வெல்லம் சேர்த்து இடித்துத் தட்டி வெயிலில் உலர்த்துக.

பிள்ளைகளுக்கு மூன்று வினாக்கள்

1. இலந்தைக்குக் கவாத்து ஏன் தேவை?
2. பயற்றஞ்செடியை ஏன் வேரோடு பிடுங்கக் கூடாது?
3. துணிப்பையைப் பூக்கும்போதே கட்டினால் என்ன நேரும்?

விடைகளைப் பெற்றோர் கூறிவிட வேண்டாம். பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துச் சென்று கேளுங்கள். அவர்களே கண்டு சொல்வார்கள்.