விண்டோஸ் 10 வெச்சிருக்கியா? புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படி

தங்கச்சி, "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, இனி அந்தக் கம்ப்யூட்டர் உதவாது"ன்னு கடையில சொன்னாங்கன்னு உடனே பணத்தை எடுத்துட்டுப் போயிடாதே. 2015-ல வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தினது நிஜம்தான். அதுக்காகக் கம்ப்யூட்டர் நின்னு போகாது. புதுசு புதுசா கண்டுபிடிக்கிற ஓட்டைகளை அடைக்கிற அப்டேட் மட்டும் தானா வராது. நீ நெட் பேங்கிங்கும் அதே மிஷின்லதானே பண்றே? அதனால இதை அப்படியே விட்டுடவும் கூடாது.

முதல்ல அவகாசம் வாங்கிக்கோ. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்காக இஎஸ்யூன்னு ஒரு திட்டம் இருக்கு. அதுல சேர்ந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். காசு கட்டினா 30 டாலர், இல்லேன்னா அதுக்குச் சமமான ரூபாய். ஆனா விண்டோஸ் பேக்கப் மூலமா செட்டிங்ஸை உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல சேமிக்க சம்மதிச்சாலே இலவசம். செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திற, அங்கேயே சேர்றதுக்கான லிங்க் இருக்கும். அந்த லிங்க் தெரியலேன்னா, உன்கிட்ட இருக்கிறது விண்டோஸ் 10-ஓட 22எச்2 பதிப்புதானான்னு பாரு. அதைவிடப் பழைய பதிப்பா இருந்தா முதல்ல 22எச்2-ஐ ஏத்தணும். பேக்கப் கேட்கும்போது போட்டோ, டாகுமென்ட் ஃபோல்டர்களை ஆஃப் பண்ணிடு. ஒன்டிரைவ்ல இலவசமா கிடைக்கிறது 5 ஜிபிதான், கல்யாண ஆல்பம் ஒண்ணே அதை நிரப்பிடும்.

அந்த அவகாசத்துல, உன் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தாங்குமான்னு பாரு. மைக்ரோசாஃப்ட்டோட 'பிசி ஹெல்த் செக்' அதைச் சொல்லிடும். இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசசர்ல இருந்துதான் ஏத்துக்கும். டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதி இல்லைன்னு வந்தா மட்டும் அதோட விட்டுடாதே. நிறைய மதர்போர்டுல அது இருக்கும், பயாஸ்ல ஆஃப் பண்ணி வெச்சிருப்பாங்க. இன்டெல்ல பிடிடின்னும், ஏஎம்டில எஃப்டிபிஎம்னும் பேர் போட்டிருக்கும். அதை ஆன் பண்ணினா போதும், விண்டோஸ் 11 இலவசமாவே ஏறிடும். தகுதி இல்லாத மிஷின்ல குறுக்கு வழியில ஏத்தித் தர்றேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடு. அப்படி ஏத்தினதுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் கொடுக்கறதில்லை.

தாங்கலையா? லினக்ஸ் மின்ட் போட்டுப் பாரு. பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கிற எதையும் தொடாது. லிப்ரே ஆபீஸும் ஃபயர்பாக்ஸும் அதோடவே வரும். வீட்டுல யாராவது டேலியில கணக்கு எழுதினாலோ, வருமான வரிக்கான எக்செல் ஃபைலைப் பயன்படுத்தினாலோ மட்டும் விண்டோஸை விட்டுப் போகாதே. அதெல்லாம் லினக்ஸ்ல சரியா வராது.

இதுல எதைச் செய்யறதா இருந்தாலும், முன்னாடியே வெளி ஹார்டு டிஸ்க்ல ஒரு காப்பி எடு. டாகுமென்ட், போட்டோ எல்லாரும் எடுப்பாங்க. தமிழ் ஃபான்டைத்தான் மறந்துடுவாங்க. அப்பா பழைய காலத்துல பாமினியிலயோ வானவில்லயோ டைப் பண்ணின கடிதம், பத்திர நகல் ஏதாவது இருந்தா, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கலைஞ்சு கிடக்கும். அது யூனிகோடு இல்லை. சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்னு இருக்கும், அங்கேயிருந்து அந்த ஃபான்டுகளைக் காப்பி பண்ணி அந்த ஃபைல்கள் பக்கத்துலயே போட்டு வை. அப்புறம் ஆற அமர யூனிகோடுக்கு மாத்தலாம். சொத்துப் பத்திரத்தை மட்டும் ஆன்லைன் கன்வெர்ட்டர்ல ஒட்டாதே.

ஆதாருக்கும் அதேதான். பிடிஎஃபைச் சேர்க்க, சுருக்கன்னு இருக்கிற தளங்கள்ல நிறையது உன் ஃபைலைத் தங்களோட சர்வருக்கு ஏத்திக்கிட்டுத்தான் வேலை செய்யும். சமையல் குறிப்புக்குப் பரவாயில்லை, பான் கார்டுக்கு வேண்டாம். பிடிஎஃப்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் 'பிடிஎஃப்சாம் பேசிக்'கை உன் கம்ப்யூட்டர்லயே போட்டுக்கோ, இலவசம்தான். அரசு விண்ணப்பத்துக்குப் போட்டோவோட கேபியைக் குறைக்கணும்னா கூகுளோட 'ஸ்கூஷ்' நல்லது. படம் உன் பிரவுசரை விட்டு வெளியே போகாது. ஆதார் நகல் கேட்டாங்கன்னா, கடைசி நாலு எண் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரை ஏத்துப்பாங்களான்னு கேளு. அதை யுஐடிஏஐ தளத்துலயே இறக்கிக்கலாம்.

இன்னொண்ணு, அம்மாகிட்டயும் சொல்லி வை. விண்டோஸ் 10 முடிஞ்ச பயத்தை வெச்சு ஏமாத்தறவங்க உண்டு. திரை முழுக்கச் சிவப்பா "வைரஸ் வந்துடுச்சு, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு வந்தா கூப்பிடவே கூடாது. மைக்ரோசாஃப்ட் காட்டற எச்சரிக்கையில ஃபோன் நம்பர் இருக்காது. ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அழுத்தி பிரவுசரை மூடு, மூடலைன்னா பவர் பட்டனை அழுத்திப் பிடி. யார் சொன்னாலும், தூரத்துல இருந்து உன் கம்ப்யூட்டரை இயக்க விடற எனிடெஸ்க் மாதிரி எதையும் இறக்காதே. பணம் போயிடுச்சுன்னா பேங்க்குக்குச் சொல்லிட்டு, அதே நிமிஷம் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடி. சீக்கிரம் சொன்னாத்தான் பணம் அடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள முடக்க முடியும்.