தவிடு ஏன் கசக்கிறது?

வயல் இருந்த காலத்தில் நாம் நெல்லைக் குற்றி, தவிட்டை அன்றன்றே கோழிக்கும் மாட்டுக்கும் வைத்தோம். 2016 மே 17ஆந் திகதி அரநாயக்கவில் ஏற்பட்டது போன்ற மண்சரிவுகளால் காணியை விட்டு வந்த குடும்பங்கள் இன்று தவிட்டை விலை கொடுத்தே வாங்குகின்றன. அப்படி வாங்கிய ஒரு மூடை தவிடு சில நாட்களில் கசந்து, கோழிகள் அதை ஒதுக்கிவிட்டால் அது பெரிய நட்டம். இதற்கான காரணத்தை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

தவிட்டின் நிறையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு எண்ணெய். எண்ணெயைப் பிரிக்கும் இலிப்பேசு என்னும் நொதியமும் நெல்மணியிலேயே உண்டு. நமது சதையி சுரக்கும் நொதியமும் இதே வகையானதே; நாம் உண்ணும் கொழுப்பை அது சமிக்கச் செய்கிறது. முளைக்கும் விதைக்கும் சேமித்த கொழுப்பைப் பயன்படுத்த இந்நொதியம் தேவை.

முழு மணியில் எண்ணெய் ஓர் அடுக்கிலும் நொதியம் வேறோர் அடுக்கிலும் இருக்கும். ஆலையில் அரிசியைத் தீட்டும்போது இரண்டும் கலக்கின்றன. அந்த நேரத்திலிருந்தே எண்ணெய் பிரிந்து கொழுப்பமிலங்கள் பெருகுகின்றன. ஈரமும் வெப்பமும் இதை விரைவுபடுத்தும். மழை மிகுந்த இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளில் தவிடு சீக்கிரம் கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெல்லைப் புழுக்கும்போது நீராவிச் சூட்டில் நொதியம் செயலிழக்கிறது. ஆகவே புழுங்கல் அரிசித் தவிடு பச்சையரிசித் தவிட்டைப் போல விரைவில் கசப்பதில்லை. ஆனால் காற்றுப் பட்டால் அதுவும் நாளடைவில் சிக்கெடுக்கும்.

நாம் செய்யக்கூடியவை:

1. தவிடு எந்த அரிசியினது, எப்போது தீட்டியது என ஆலையில் கேட்போம்.
2. சில நாட்களுக்குப் போதுமான அளவே வாங்குவோம்.
3. பச்சையரிசித் தவிடானால், வாங்கிய அன்றே இரும்புச் சட்டியில் இளந்தீயில் கருகாமல் கிளறி, முழுவதும் நன்கு சூடேறும்வரை வறுப்போம். வெயிலில் காயவைத்தால் ஈரம் குறையும்; நொதியம் அழியாது.
4. ஆறியபின் மூடியுள்ள தகரத்தில், நிலத்தில் படாமல் வைப்போம்.
5. சிக்கு வாடையோ பூஞ்சணமோ உள்ள தவிட்டைத் தீனியில் கலக்க மாட்டோம்.

கலந்துரையாடுவோம்: நமது லயத்தில் நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு மூடை வாங்கிப் பங்கிட்டால், எவ்வளவு தவிடு வீணாகாமல் தப்பும்?