மேஸ்திரி தலையைச் சொறிந்தால்

பழைய வீட்டை வாங்கிவிட்டாய் கண்ணு. ஆசைப்பட்டு ஒரு வேலை சொல்வாய். வருகிறவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அது இப்படியே இருக்கட்டுமேம்மா" என்பார். சோர்ந்துவிடாதே.

1. முதலில் காரணத்தைக் கேள். வேலை தெரியாமல் இருக்கலாம். கூலி கட்டுப்படியாகாமல் இருக்கலாம். நாளைக்கு விரிசல் விட்டால் பழி தன்மேல் விழும் என்ற பயமாகவும் இருக்கலாம். "ஏன் முடியாது?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார். "இதுல உங்களுக்கு எது இடிக்குது?" என்று கேள், சொல்லிவிடுவார்.

2. பயந்து மறுப்பவரை மதி. நாங்கள் சமையலறையைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்கச் சொன்னோம். வந்த முதிய மேஸ்திரி டேப் வைத்து அளந்தார்: ஒன்பது அங்குலம். மாடியேறி, தளம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார். "பாரம் தாங்குற சுவரும்மா, நான் கை வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வந்த கூலிகூட வாங்காமல் போனார். நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான். ஒன்பது அங்குலம் என்றால் இன்ஜினீயர் பார்க்காமல் ஒரு செங்கல்லையும் உருவக்கூடாது. கேட்டவுடன் சம்மட்டியைத் தூக்குகிறவரிடம்தான் நீ பயப்பட வேண்டும்.

3. சில்லறை வேலைக்கு ஆள் வரவில்லையே என்று கோபப்படாதே. ஒரு குழாய் மாற்ற வந்தால் அவருக்கு அன்றைய முழுநாள் கூலி போய்விடும். சின்ன வேலைகளைச் சேர்த்து வைத்து ஒருநாள் வேலையாகக் கொடு. ஆடியில் புது வீடு தொடங்குகிறவர்கள் குறைவு, அப்போது கூப்பிட்டுப் பார். ஐப்பசி மழையில் மொட்டைமாடித் தளவேலை கேட்காதே.

4. தெரியாததால் வரும் தயக்கத்தை முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டாதே. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசச் சொன்னால், "சிமெண்ட்தான் கெட்டி" என்பார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும்; ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு உதிரும். இன்று இளம் கொத்தனார்கள் பலருக்குச் சுண்ணாம்பில் கைப்பழக்கம் இல்லை, அது அவர்கள் குற்றமல்ல. பழகிய பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, உன் கொத்தனாரையும் கூட நிற்கச் சொல்.

5. சிலவற்றில் இறங்கிப் போகாதே. குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்று. அது தானே ஓடி வடிகுழாயைச் சேரவேண்டும். "இந்த வாட்டம் போதும்மா" என்ற பேச்சை ஏற்காதே. கீசருக்கு எர்த் இல்லாமல் இணைப்புக் கொடுக்க விடாதே. அது உயிர் விஷயம்.

6. "வீட்டுல ஆம்பளைங்க இல்லையா?" என்று கேட்பார்கள். "என்கிட்டயே சொல்லுங்கண்ணே" என்று அமைதியாகச் சொல்லி, அளவு எழுதிய தாளை நீட்டு. இரண்டாம் நாள் உன்னிடமே வந்து கேட்பார்கள்.

7. நாள் கூலியைச் சாயங்காலமே கொடு. சித்தாளாக வந்த பெண்ணுக்கும் டீயை அதே தட்டில் வைத்துக் கொடு. மொத்தமாகப் பேசிய வேலை என்றால், தண்ணீர் தேக்கிக் கசிவு பார்த்த பிறகுதான் கடைசித் தொகை என்பதை முதல் நாளே சொல்லிவிடு. கசியவில்லை என்றால் அன்றே எண்ணிக் கொடுத்துவிடு.