லாரி ஓட்டுநரும் கணக்கில் வராத நேரமும்

நம் நாட்டின் உள்நாட்டுச் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி சாலை வழியே நடைபெறுகிறது. நிலக்கரி, இரும்புத் தாது போன்றவற்றை இரயில்கள் பெருமளவில் ஏற்றிச் செல்கின்றன. காய்கறி, துணி, மருந்து, இயந்திர உதிரிப் பாகங்கள் முதலியன பெரிதும் லாரிகளையே நம்பியுள்ளன. லாரி ஓட்டத்திற்கு ஆகும் டீசல், டயர், சுங்கக் கட்டணம், கடன் வட்டி ஆகிய அனைத்தும் வாடகைக் கணக்கில் இடம் பெறுகின்றன. ஓட்டுநரின் நேரம் மட்டும் முழுமையாக இடம் பெறுவதில்லை. இதன் விளைவை அவருடைய அன்றாட வாழ்க்கையைக் கொண்டே அறியலாம்.

பயண நாள்

தில்லியில் சரக்கு ஏற்றிக் கொல்கத்தா செல்லும் ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். தொலைவு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். ஆக்ராவிலிருந்து கான்பூர், வாரணாசி, ஆசன்சோல் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 19 செல்கிறது. விடியுமுன் டயர்களைத் தட்டிப் பார்த்தல், தார்ப்பாய்க் கயிற்றை இறுக்குதல், எண்ணெயும் நீரும் சரிபார்த்தல் ஆகியவற்றுடன் அவருடைய நாள் தொடங்குகிறது. குளியல் பெட்ரோல் நிலையக் குழாயடியில். உணவு தாபாவில் ரொட்டியும் பருப்பும். உறக்கம் கயிற்றுக் கட்டிலிலோ இருக்கைக்குப் பின்னுள்ள பலகையிலோ. டீசலும் சரக்கும் களவு போகாதிருக்க வேண்டுமாதலால் அந்த உறக்கமும் ஆழ்ந்ததன்று.

பெருநகரங்களில் பகல் வேளைகளில் கனரக லாரிகள் நுழையக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே ஓட்டுநர் நகர எல்லையில் வெயிலில் காத்திருந்து, இரவில் ஓட்ட நேருகிறது. கிடங்கை அடைந்த பின்னும் இறக்குவதற்கு வரிசை. வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை நகர்த்த வேண்டியிருப்பதால் இது ஓய்வாகாது. கூலி கிடையாதாகையால் வேலையாகவும் கருதப்படுவதில்லை.

கூலி முறையின் விளைவு

ஓட்டுநருக்குரிய ஊதியம் பெரும்பாலும் நடைக் கணக்கிலேயே அமைகிறது. மாதச் சம்பளம் பெறுவோருக்கும் நடைக்கு இவ்வளவு என்னும் பேட்டாவே முக்கிய வருவாயாகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் 1,500 கிலோமீட்டரைக் கடக்க 37½ மணி நேரம் தேவை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் நான்கு நாட்கள் ஆகும். ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் ஒவ்வொரு நாள் வீணானால் மொத்தம் ஆறு நாட்கள். கூலியோ நான்கு நாட்களுக்குரியதே. இந்த இழப்பை ஈடுசெய்ய நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் ஓட்டுகிறார். பயணம் இரண்டரை நாட்களில் முடிகிறது. கிடங்கில் இழந்த நேரத்தை உறக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார் என்பதே இதன் பொருள்.

அரசு ஆவணம் இந்த அவசரத்தைக் கோரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மின்னணு வழிச்சீட்டான இ-வே பில், 2021 ஜனவரி முதல் சாதாரணச் சரக்கிற்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் அனுமதிக்கிறது. மேற்கண்ட பயணத்திற்கு அது எட்டு நாட்களாகும்.

சட்டமும் நடைமுறையும்

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. நெடுந்தொலைவுத் தடங்களில் உரிய அனுமதியுடன் 10 மணி, 54 மணி வரை நீட்டிக்க இடமளித்தது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்த நேர வரம்பைப் பிற போக்குவரத்து வாகன ஓட்டுநர்களுக்கும் விரிவாக்கியது. எனினும், பதிவேடு, ஓய்வறை, விடுப்பு போன்றவை சிறு உரிமையாளர்களிடம் பணியாற்றுவோருக்கு எட்டவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் குறித்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் நிறுவனத்திற்குரிய வரம்பு பத்துத் தொழிலாளர்கள் ஆகும். ஓரிரு லாரிகளையே உடைய உரிமையாளர்கள் மிகுந்துள்ள இத்தொழிலில் இதன் விளைவு சிறிதன்று.

சரக்கு, சேவை வரி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் மாநில எல்லைகளில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்டதால் சுங்கச் சாவடிகளில் காத்திருப்பு குறைந்தது. புதிதாகத் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாகும். இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும், நடைக் கூலி முறை நீடிக்கும்வரை, மிச்சமாகும் நேரம் ஓய்வாக மாறாமல் அடுத்த நடைக்கே சென்றுவிடும்.

ஆகவே, லாரி கிடங்கிற்கு வந்த நேரமும் வெளியேறிய நேரமும் சரக்குச் சீட்டிலேயே பதியப்படுதல் வேண்டும். குறிப்பிட்ட மணி நேரத்திற்கு மேற்பட்ட காத்திருப்பிற்குச் சரக்குதாரர் கட்டணம் செலுத்துவதும், அதில் ஒரு பங்கு ஓட்டுநரைச் சேர்வதும் ஒப்பந்த விதியாதல் வேண்டும். காத்திருப்பிற்கு விலை ஏற்படின் கிடங்குகளே தாமதத்தைக் குறைக்க முற்படும். ஓட்டுநரின் உறக்கத்தைக் குறைத்துப் பெறப்படும் மலிவான வாடகை உண்மையில் மலிவானதன்று; அதன் எஞ்சிய பகுதியை விபத்துகளின் வடிவில் அவருடைய குடும்பமும் சாலையைப் பயன்படுத்தும் பிறரும் செலுத்த நேருகிறது.