படிக்கட்டு விளக்கு யார் பொறுப்பு?



நம் உறுப்பினர்களில் சிலர் இப்போது டவுனில் மாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். பலருடைய பெண் பிள்ளைகள் வேலைக்காக விடுதியில் தங்கியிருக்கிறார்கள். ஊரில் நம் வாசல் விளக்கை நாமே போடுவோம், நாமே அணைப்போம். மாடி வீட்டில் படிக்கட்டு விளக்கு எல்லோருக்கும் பொது. பொது என்றாலே "யாராவது பாத்துக்குவாங்க" என்று விட்டு விடுகிறோம். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

நடந்தது என்ன?

சென்ற மழைக்காலத்தில் அப்படி ஒரு கட்டிடத்துக்குக் கூட்டம் நடத்தப் போயிருந்தோம். பொழுது சாயும் நேரம் கரண்ட் போய்விட்டது. குடத்தோடு இறங்கிய ஒரு அக்கா படி தவறி விழுந்து, கை எலும்பு முறிந்தது. சுவரில் எமர்ஜென்சி விளக்கு இருந்தது. ஆனால் எரியவில்லை.

ஏன் எரியவில்லை? பில் குறைய வேண்டும் என்று பகலில் படிக்கட்டு லைன் முழுவதையும் ஒரே சுவிட்சில் அணைத்து வைக்கிறார்கள். எமர்ஜென்சி விளக்கும் அதே லைனில். சுவிட்சை அணைத்ததும் கரண்ட் போய்விட்டது என்று அது தானாக எரிய ஆரம்பிக்கும். பகலெல்லாம் எரிந்து, மாலையில் பேட்டரி காலி!

இரண்டு விளக்கு, இரண்டு லைன்

நாம் கற்க வேண்டியது இதுதான். தினசரி விளக்கை அணைக்கலாம். எமர்ஜென்சி விளக்குக்குப் போகும் கரண்டை அணைக்கக் கூடாது. எமர்ஜென்சி விளக்குக்கு சுவிட்ச், டைமர் எதுவும் குறுக்கே வராத தனி லைன் வேண்டும். இந்த வேலையை வயரிங் தெரிந்த எலக்ட்ரீஷியன் மட்டுமே செய்ய வேண்டும்.

தினசரி விளக்குக்கு மூன்று வழி உண்டு:

1. டூ-வே சுவிட்ச்: கீழே போட்டு மேலே அணைக்கலாம். மேலே போட்டுக் கீழேயும் அணைக்கலாம்.
2. டைமர்: குறித்த நேரத்துக்கு எரியும், குறித்த நேரத்துக்கு அணையும்.
3. சென்சார்: ஆள் வந்தால் எரியும், சற்று நேரத்தில் தானே அணையும்.

பில் கணக்கு

நான்கு விளக்கு, தினம் 12 மணி நேரம், 60 நாள் என்று வைத்துக் கொள்வோம். 60 வாட் குண்டு பல்பு என்றால் சுமார் 173 யூனிட். 9 வாட் எல்.இ.டி. என்றால் சுமார் 26 யூனிட்தான். யூனிட் 6 ரூபாய் என்று போட்டால், 1,038 ரூபாய் எங்கே, 156 ரூபாய் எங்கே! எட்டு வீடு பிரித்தால் இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு 20 ரூபாய் கூட வராது. இதற்காக யாரும் இருட்டில் இறங்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். 10 வீட்டுக்கு மிகாமல், 3 மாடிக்கு மிகாமல், லிப்ட் இல்லாமல் உள்ள கட்டிடங்களின் பொது மின்கட்டணத்தைத் தமிழக அரசு 2023 நவம்பரில் குறைத்தது. உங்கள் கட்டிடத்துக்கு எந்தக் கட்டணம் போடுகிறார்கள் என்று பில்லில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

மாதம் ஒரு சோதனை

மாதம் ஒரு நாள் காலையில், எமர்ஜென்சி லைனை மெயினில் அணைத்துப் பாருங்கள். எல்லா விளக்கும் உடனே எரிய வேண்டும். 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித் தொகுப்பு குறைந்தது ஒன்றரை மணி நேரம் எரிய வேண்டும் என்கிறது. அதற்கு முன்பே மங்கினால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. சோதனை முடிந்ததும் மெயினைப் போட மறக்காதீர்கள். காலையில் செய்தால் இருட்டுவதற்குள் மறுபடி சார்ஜ் ஏற நேரம் கிடைக்கும்.

நம் குழுவில் சேமிப்பை யார் எழுதுவது என்று முறை வைத்திருக்கிறோம் அல்லவா? அதேபோல் ஒரு மாதம் ஒரு வீடு என்று முறை வையுங்கள். சோதித்த தேதியை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். விடுதியில் இருக்கும் மகளிடம் போனில் பேசும்போது, "கரண்ட் போனா படியில லைட் எரியுதா கண்ணு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கூட்டத்தில் கலந்து பேச:

• நமக்குத் தெரிந்த மாடி வீட்டில் இரண்டு விளக்கும் ஒரே லைனிலா, தனித்தனியா?
• பொது பில்லை யார் கட்டுகிறார்கள்? கணக்கு எல்லோருக்கும் தெரியுமா?
• முதல் மாதச் சோதனை யார் முறை?

உங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.