உயர்கல்விக் கடனுக்கு முன்னேற்பாடு

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்து, கல்லூரியின் அழைப்புக் கடிதமும் கைக்குக் கிட்டிய பின்னரே பெற்றோர் பலர் பணத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகின்றனர். அப்போது பதிவு நாளுக்குச் சில வாரங்களே எஞ்சியிருக்கும். அதற்குள் சரிசெய்ய இயலாத குறை ஏதேனும் பத்திரங்களில் இருப்பின், பிள்ளைக்குக் கிடைத்த இடம் கைநழுவிப் போகக்கூடும். ஆகவே, பிள்ளை நான்காம் படிவத்தில் பயிலும்போதே ஆயத்தம் தொடங்குதல் வேண்டும்.

பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அது வழங்குவது கடனேயன்றி இலவசப் பணம் அன்று. ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் உண்டு. படிப்பு முடிந்து 12 மாதங்கள் கழிந்தபின் கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். இதற்கு மனுச் செய்ய விரும்புவோர் நான்கு காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அடையாளப் பத்திரங்கள். இக்கடன் மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் பிள்ளைக்கு இது கிடையாது. தந்தையின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருத்தல் உண்டு. இத்தகைய குறைகளுக்குத் தேசியப் பதிவிலாகாவை உடனே நாடுக. குடியுரிமை விவகாரம் தீர ஆண்டுகள் பல ஆகலாம் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, வருமானச் சான்று. குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கே கூடுதலான கடன் கிடைக்கும். மழைக்காலத்திலும் மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களிலும் பால்வெட்டுச் சம்பளம் குறைகிறது. ஒரு மாதச் சீட்டு ஆண்டு முழுவதன் நிலையைக் காட்டாது. ஆதலின் தாய் தந்தை இருவருடைய சம்பளச் சீட்டுகளையும் மாதந்தோறும் சேர்த்து வையுங்கள்.

மூன்றாவது, சேமிப்புக் கணக்கு. கடனுக்கு மனுச் செய்யும் மாணவர் தம் பெயரில் எஸ்.எஸ்.பி.என். கணக்கு வைத்திருத்தல் அவசியம். 20 வெள்ளி இருந்தால் கணக்கைத் தொடங்கிவிடலாம்.

நான்காவது, கல்லூரியின் தகுதி. தனியார் கல்லூரி ஆட்கள் தோட்டத்திற்கே வந்து ஆசை வார்த்தை கூறினும், அப்பாடத்திட்டம் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகவாண்மையின் அங்கீகாரம் பெற்றதா என விசாரித்தறிக. அங்கீகாரமற்ற படிப்புக்கு இக்கடன் கிடைப்பதில்லை. விசாரிக்கு முன் முன்பணம் கட்டாதீர்கள்.

கடன் மனு இணையத்தின் வழியே செய்யப்படுவது. பெரும்பாலும் கல்லூரியில் சேர்ந்த பின்னரே பணம் வரும். பதிவு நாளன்று அது கையில் இல்லாமற்போகலாம். அந்த முதற்செலவுக்கு ஊழியர் சேமநிதி உதவக்கூடும். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் செஜாத்தெரா கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். எனினும் அது முதுமைக்கென வைத்த பணம். தேவைக்கு மேல் எடுத்தல் நன்றன்று.

இந்த வாரமே வீட்டிலுள்ள பத்திரப் பெட்டியைத் திறந்து, பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டைகளையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். குறை இருந்தால் இப்போதே தெரியட்டும். இரண்டு ஆண்டு அவகாசத்தில் தீரக்கூடிய குறை, இரண்டு வாரத்தில் தீராது.